உப்புப் பூத்த ஏழு ஏக்கரை என்ன செய்வது?

பட்டிப்பொங்கல் முடிந்த மறுநாள் மாமாவின் தோட்டத்துக்கு ஒரு நிலத் தரகர் வந்தார். டீ குடித்தார், நிலத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார், ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரியே மாமாவிடமிருந்து போன். "ஏனுங்க மாப்ள, வித்துப்போடலாமா, வெச்சுக்கலாமா? கொஞ்சம் ரோசன பண்ணிச் சொல்லுங்க."

நான் மண்ணியல் படித்தவன் அல்ல. ஆனால் பல வருடங்களாக அந்த நிலத்தின் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போவது என் வேலையாகிவிட்டது. அதனால் என்னிடம் கேட்டார். நானும் ஒரு மாதம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொய்யல் ஆற்றங்கரையில் இதே கேள்வியோடு நிறையக் குடும்பங்கள் இருப்பதால், போட்ட கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நிலம் எப்படிக் கிடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, ஆற்றை நோக்கிச் சரிவாக இறங்கும் ஏழு ஏக்கர். மேலே தார் ரோட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவான சாயத்தண்ணி அங்கே ஏறியதே இல்லை. நடுவில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம். ஒரு காலத்தில் சின்ன வெங்காயமும் மஞ்சளும் விளைந்த இடம். கீழே ஆற்றோரம் இரண்டு ஏக்கர். சித்திரை வெயிலில் அந்தக் கீழ்க்காடு சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

உப்பு எங்கிருந்து வந்தது

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. திருப்பூர் ரொம்பக் காலம் வெள்ளைப் பனியன் ஊர். வெள்ளைப் பனியனுக்குச் சலவை போதும். 1980களின் நடுவில் வெளிநாட்டுக்குக் கலர் டிசர்ட் ஏற்றுமதி சூடுபிடித்தபோதுதான் கதை மாறியது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்த்தியான நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயக் கரைசலுக்கு 50 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். அந்த உப்பு துணியோடு கப்பல் ஏறுவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்துவிடும்; பிறகு அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஐரோப்பாக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டார், உப்பு நமக்கு மிச்சம்.

1990களின் கடைசியில் சாய, சலவைப் பட்டறைகள் 800க்கு மேல் இருந்தன. இதற்கு நடுவே, 1992இல், பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் என்று சொல்லி ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். அணையில் மழைத்தண்ணீரோடு சாயத்தண்ணியும் தேங்கியது. தேங்கியது கசிந்து சுற்றுப்பட்டுக் கிணறுகளில் இறங்கியது. தங்கள் பாசனத்துக்காகக் கட்டிய அணையை எதிர்த்தே விவசாயிகள் கோர்ட்டுக்குப் போக வேண்டிய நிலை. தமிழ்நாட்டில் வேறெங்கும் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வழக்கு நீண்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலைக்குப் பட்டறைகள் வர வேண்டும் என்று கெடு வைத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்கவில்லை என்றதும் 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்புறம்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்தும் முறை ஓரளவு நிலைத்தது. ஊரின் வியாபாரமும் சுருங்கவில்லை. 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய்.

நஷ்டஈடும் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. 2004 வரையிலான சேதத்துக்கு, 68 கிராமங்களில் 28,596 பேருக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று அதற்கான ஆணையம் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 8,700 ரூபாய்கூட வராது. 

இந்தக் கதையில் விவசாயி வெறும் பாதிக்கப்பட்டவர் மட்டுமில்லை. சாயப்பட்டறைகளுக்கு லாரி லாரியாகக் கிணற்றுத் தண்ணீரை விற்றவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. வெங்காயத்தைவிடத் தண்ணீருக்கு நல்ல விலை கிடைத்த வருடங்கள் அவை. மாமாவும் இரண்டு வருடம் விற்றார். அந்தக் காசில்தான் வீட்டுக்கு மேல்மாடி எழும்பியது.

ஊர் வளர்ந்தபோது நிலம் மூன்று விதத்தில் அடி வாங்கியது. மண்ணில் உப்பு ஏறியது, அது கண்ணுக்குத் தெரிகிறது. தோட்ட வேலைக்கு ஆள் போய்விட்டது. பனியன் கம்பெனி வேன் காலையில் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும்போது களை வெட்ட யார் வருவார்? மூன்றாவதாக நிலத்தின் விலை, விளைச்சலோடு சம்பந்தமே இல்லாத உயரத்துக்குப் போய்விட்டது. உப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் மற்ற இரண்டும் காலை வாரிவிடும். கீழே ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றோடும் சேர்த்தே பார்த்திருக்கிறேன்.

எதற்கும் முன்னால் சோதனை

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன் இரண்டு சோதனை. தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு), மண்ணின் உப்பு. மண் மாதிரியைக் கோடையில், மழைக்கு முன் எடுக்க வேண்டும். மேலே அரை அடி, அதற்குக் கீழே ஒரு அடி வரை, அப்புறம் இரண்டு அடி வரை என்று மூன்று ஆழத்தில் தனித்தனியாக எடுத்தால்தான் உப்பு மேலே நிற்கிறதா, அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்பது தெரியும்.

சோதனைச் சீட்டில் இசி (மின்கடத்தும் திறன்; உப்பு கூடினால் இதுவும் கூடும்), பிஎச் (கார அமில நிலை) என்று இரண்டு எண் வரும். இசி அதிகம் என்றால் உவர் மண். பிஎச் 8.5க்கு மேல் போய், சோடியமும் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தால் களர் மண். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இசி-யை எந்த முறையில் அளந்தார்கள் என்பது. நம்மூர் ஆய்வகங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கோ அதற்குக் கொஞ்சம் கூடவோ தண்ணீர் கலந்து அளப்பது வழக்கம். பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று புத்தகங்களில் போட்டிருக்கும் எண்களோ, மண்ணைச் சேறாகக் குழைத்து வடித்த சாற்றில் அளந்தவை. முதல் முறையில் எண் குறைவாகவே வரும். இது தெரியாமல் "நம்ம மண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று வெங்காயம் நட்டு நஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

மாமாவின் கிணற்றில் டிடிஎஸ் இப்போது 3,000 பக்கம் நிற்கிறது. பட்டறைகள் மூடப்பட்ட காலத்தோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகும். 3,000 டிடிஎஸ் என்றால் அந்த ஒரு பாய்ச்சலில் மட்டும் 600 கிலோ உப்பு நிலத்தில் இறங்குகிறது. பத்துப் பாய்ச்சலுக்கு ஆறு டன். உர மூட்டை தூக்க ஆள் கிடைக்காத ஊரில், உப்பு மட்டும் தானாகவே டன் கணக்கில் வந்து இறங்குகிறது.

மண்ணைக் கழுவி மறுபடி வெள்ளாமை

மாமாவுக்கு மனசு இருப்பது இதில்தான். மறுபடி வெங்காயம், மறுபடி மஞ்சள்.

உவர் மண்ணைக் கழுவுவதற்குக் கணக்கு எளிது. எவ்வளவு ஆழத்து மண்ணைக் கழுவ வேண்டுமோ, அதே ஆழத்துக்கு நல்ல தண்ணீரை நிறுத்தி இறக்கினால் கரையக்கூடிய உப்பில் ஏறக்குறைய எழுபது, எண்பது சதவீதம் வெளியேறும். வேர் ஓடும் இரண்டு அடிக்கு இரண்டு அடித் தண்ணீர். ஒரு ஏக்கருக்கு 24 லட்சம் லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி 200 நடை. கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருப்பதால் அதைக் கொண்டு கழுவ முடியாது. மிச்சம் மழைதான்.

காங்கேயம் பக்கத்தில் வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கரில் விழுவதைக் கூட்டினால் அதே 24 லட்சம் லிட்டர் வருகிறது. முதல் தடவை கூட்டிப் பார்த்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த மழை ஒன்றாக விழுவதில்லை. தூறலும் சாரலுமாக விழுவது மேல்மண்ணை நனைத்துவிட்டு ஆவியாகிவிடும். ஐப்பசியில் அடித்துப் பெய்யும் நாலைந்து மழைதான் உப்பை உண்மையில் கீழே தள்ளும். அதையும் வரப்பை உயர்த்திப் பாத்திக்குள் பிடித்து வைத்தால்தான். மேல்காட்டில் விழும் தண்ணீரையும் வாய்க்கால் வெட்டி நடுக்காட்டுக்கு இறக்கினால், நடுவில் ஒரு ஏக்கருக்கு இரண்டு மூன்று வருடத்தில் பலன் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் களரும் சேர்ந்த மண்ணை வெறும் மழைத்தண்ணீரில் கழுவினால் நிலைமை இன்னும் மோசமாகும். உப்பு போய்விடும், சோடியம் மண்ணோடு ஒட்டியே நிற்கும். மண்துகள் பிரிந்து குழைந்து, காய்ந்ததும் சிமெண்ட் தளம் மாதிரி இறுகிவிடும். அப்புறம் மழை பெய்தால் மேலேயே ஓடிவிடும். அதனால்தான் கழுவுவதற்கு முன் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்த்துவிடும். பிறகு தண்ணீர் அதைக் கொண்டுபோகும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லக்கூடாது. அதோடு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும். களர் நிலத்தில் வேர் இறங்கி வேலை செய்யும் பயிர் அது.

கழுவிய உப்பு எங்கே போகும்? மாமா இதைக் கேட்கவே இல்லை. சரிவில் கீழே இறங்கிக் கீழ்க்காட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் நம் கிணற்றுக்கே திரும்பி வரும். அடியில் தண்ணீரை இறங்கவிடாத சுக்கான்பாறை இருந்தால் அங்கேயே தங்கிக் கோடையில் மேலே ஏறிவிடும். மாமாவின் நிலத்தில் நாலடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பார்த்ததில், நடுக்காட்டில் ஒரு பக்கம் சுக்கான், மறுபக்கம் சரளை. கழுவுவதானால் சரளைப் பக்கம் மட்டும்தான் கழுவ வேண்டும்.

இந்த வழிக்கு ஆள் வேண்டும், வரப்பைப் பார்த்துக்கொள்ள மனுசன் வேண்டும், மூன்று வருடம் வருமானமில்லாமல் பொறுத்திருக்க வேண்டும். மூன்று ஏக்கருக்கும் செய்ய முடியாது. ஒரு ஏக்கருக்குச் செய்யலாம்.

உப்பைத் தாங்குகிறதைப் போடுவது

மண்ணை மாற்ற முடியாவிட்டால் பயிரை மாற்று என்பது இந்த வழி. பயிர் எந்த அளவு உப்பு வரை விளைச்சல் குறையாமல் தாங்கும் என்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பட்டியல் ஒன்று இருக்கிறது. வடித்த சாற்றின் இசி கணக்கில் (மீட்டருக்கு டெசிசீமன்ஸ் என்ற அலகில்) வெங்காயம் 1.2, மக்காச்சோளமும் கரும்பும் 1.7, நிலக்கடலை 3.2, சோளம் 6.8, பருத்தி 7.7. மாமாவின் கிணற்றுத் தண்ணீரை மட்டும் தொடர்ந்து பாய்ச்சினால், வடிகால் ஓரளவு இருந்தாலும் மண்ணின் இசி 7 பக்கம் போய் நிற்கும். அந்த இடத்தில் வெங்காயம் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. சோளத்துக்கு லேசாகத்தான் உறைக்கும்.

அப்படியென்றால் தீவனச் சோளம் போடலாமே? போடலாம். மாடு இருக்கிறது, தட்டுக்கு விலையும் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன ஆறு டன் கணக்கு இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். தாங்கும் பயிர் உப்பைத் தின்று தீர்ப்பதில்லை. இறவைச் சோளம் ஒவ்வொரு வருடமும் உப்பை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு நாள் சோளத்தாலும் தாங்க முடியாத இடத்துக்கு மண்ணைக் கொண்டுபோய் நிறுத்தும். நல்ல மழை வருடத்தில் கொஞ்சம் இறங்கும், வறட்சியில் ஏறும். காலத்தைக் கடத்தலாம்.

தென்னை மேலும் ஆசை காட்டும் வழி. காங்கேயத்தில் தேங்காய்க் களங்களும் எண்ணெய் ஆலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. தென்னைக்குக் குளோரைடு ஓரளவு தேவை என்பதும் உண்மை; கடலோர மரம் அல்லவா. அதனால்தான் நொய்யல் ஓரத்தில் மற்றதெல்லாம் போன பிறகும் தென்னை நின்றது. ஆனால் நின்ற மரத்தையும் காய்த்த மரத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது. நெட்டை ரகம் காய்க்க ஆறு ஏழு வருடம், கோடையில் மரத்துக்குத் தினம் நூறு லிட்டர் போலத் தண்ணீர், வெள்ளை ஈ, காய் பறிக்க ஆள். மாமாவுக்கு வயது 64. புதிதாகத் தென்னை வைப்பது அவருக்காக அல்ல, மகனுக்காக. மகனோ திருப்பூரில் மெர்ச்சண்டைசர். இங்கே திரும்பி வருவேன் என்று அவன் ஒரு தடவையும் சொன்னதில்லை.

கொறங்காடு

இந்தச் சொல்லை வெளியூர்க்காரர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்தில் மானாவாரி நிலத்தைச் சுற்றிலும் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் நரிப்பயறும் வளரவிட்டு, அங்கங்கே வெள்வேல் மரத்தை நிற்கவிட்டு மாடும் செம்மறியும் மேய்க்கும் நிலம் அது. காங்கேயம் காளை வளர்ந்தது இந்தப் புல்லில்தான். ஒரு பகுதியில் மேய்த்துவிட்டு அதை மூடி அடுத்ததைத் திறப்பார்கள். சில வருடத்துக்கு ஒரு முறை உழுது சோளமோ கொள்ளோ போட்டுவிட்டு மறுபடி புல்லுக்கு விடுவார்கள். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் விழும். ஆடு அதைத் தின்று தாக்குப்பிடிக்கும்.

உப்பு நிலத்துக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டால், முதல் லாபம் கிணற்றை நிறுத்திவிடலாம் என்பது. பாய்ச்சாத நிலத்தில் புதிதாக உப்பு வந்து சேராது. பெய்கிற மழை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளும். புல்வேர் மண்ணைத் திறந்து வைக்கும், சாணமும் புழுக்கையும் மண்ணுக்கு உயிர் கொடுக்கும். கழுவுகிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது, செலவில்லாமல், ரொம்ப மெதுவாக. கொழுக்கட்டைப்புல் ஓரளவு உப்பைத் தாங்கும். வெள்வேல் களர் மண்ணிலும் நிற்கும்.

ஆளும் குறைவாகப் போதும். வேலி போட ஒரு வருடம் கஷ்டம், அப்புறம் ஒரு ஆள், ஒரு நாய். தானே மேய்க்க முடியாவிட்டால் புல்லைக் குத்தகைக்கு விடலாம். எங்கள் பக்கத்தில் கொறங்காட்டை வருடக் குத்தகைக்கு எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குறை என்னவென்றால் வருமானம் சிறிது. மூன்று ஏக்கர் புல்லில் ஒரு குடும்பம் பிழைக்காது, பத்து இருபது செம்மறி நிற்கும், அவ்வளவுதான். மேயும் உயிருக்குக் குடிதண்ணீரும் பார்க்க வேண்டும். 3,000 டிடிஎஸ் வரை மாடு ஆட்டுக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை. 5,000 தாண்டினால் சினை மாட்டுக்குக் கொடுக்கக்கூடாது. 7,000 தாண்டினால் எதற்கும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. சாயத்தண்ணி ஏறிய நிலம் என்பதால் புல்லையும் ஒரு முறை உலோகச் சோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. மாமா இதற்குச் சிரித்தார். "புல்லுக்குமா பிளட் டெஸ்ட்டு?"

சும்மா விட்டுவிடுவதையும் கொறங்காட்டையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் உண்டு. சும்மா விட்டால் மூன்று வருடத்தில் சீமைக்கருவேல் ஏறிவிடும். அதைப் பிடுங்க ஆகும் செலவில் நாலு பக்கமும் கிளுவை வேலி போட்டிருக்கலாம்.

விற்பது, குத்தகைக்கு விடுவது

தரகர் சொன்ன தொகையை வங்கியில் போட்டால் வரும் வட்டி, அந்த நிலம் எந்தக் காலத்திலும் தந்த வெள்ளாமையைவிட அதிகம். இதை மறைத்துவிட்டு எழுதுவது நாணயமில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் விற்பதுதான் முதலிடம்.

சூரிய மின் தகடு போடக் கேட்கிறவர்களும் வருகிறார்கள். உப்பு மண்ணுக்கு அவர்கள் முகம் சுளிப்பதில்லை, அது ஒரு வசதி. ஆனால் ஒப்பந்தம் இருபத்தைந்து முப்பது வருடத்துக்கு. முடிந்த பிறகு தகட்டையும் கான்கிரீட்டையும் யார் அகற்றுவது, கம்பெனி கை மாறினால் வாடகைக்கு யார் பொறுப்பு என்பதைப் பத்திரத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடக்கூடாது. துணை மின்நிலையம் தூரமென்றால் அவர்களே திரும்பி வர மாட்டார்கள். ஷெட் போட்டுத் தறிக்கோ தையல் யூனிட்டுக்கோ வாடகைக்கு விடுவதும் இப்போது சகஜம். போட்ட இடம் அதோடு மண் கணக்கிலிருந்து போய்விடும்.

நான் தரகரின் காகிதத்தைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். அவர் ஏழு ஏக்கரையும் கேட்கவில்லை. ரோட்டை ஒட்டிய மேல்காடு இரண்டு ஏக்கரை மட்டுமே கேட்டிருக்கிறார். உப்பு ஏறாத ஒரே மண் அது. நடுக்காட்டைக் கழுவப் போகும் மழை விழுகிற இடமும் அதுதான். அங்கே மனை பிரித்துத் தார் போட்டால், ஓடிவரும் தண்ணீர் சாக்கடையோடு வேறு பக்கம் போய்விடும். கீழே மிஞ்சும் ஐந்து ஏக்கருக்கு உப்புக் கிணறும் உப்பு மண்ணும் மட்டும்தான். அதற்குப் பிறகு அந்த ஐந்தையும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். நொய்யல் ஓரம் நெடுக இப்படித்தான் நடந்திருக்கிறது: நல்ல மண் மனையாகப் போகிறது, கெட்ட மண் விவசாயியிடம் தங்குகிறது.

நான் சொன்னது

மாமாவுக்கு ஒரே பதில் சொல்லவில்லை. ஏழு ஏக்கரும் ஒரே நிலமில்லை.

மேல்காட்டை விற்க வேண்டாம். மானாவாரிச் சோளமும் கொள்ளும் அங்கே நடக்கட்டும், மழைத்தண்ணீர் கீழே இறங்க ஒரு வாய்க்கால் மட்டும் வெட்டுங்கள். நடுக்காட்டில் சரளைப் பக்கம் ஒரு ஏக்கரை மட்டும் ஜிப்சம், தக்கைப்பூண்டு, உயர்ந்த வரப்பு என்று மூன்று ஐப்பசிக்குச் சோதித்துப் பாருங்கள். சுக்கான் பக்கம் இரண்டு ஏக்கருக்குக் கிளுவை வேலி போட்டுக் கொறங்காடாக்குங்கள். கீழ்க்காட்டில் கழுவும் வேலை வேண்டாம். மேலே கழுவியது அங்கேதான் வரும். வெள்வேலும் புல்லும் வரட்டும், கருவேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். சூரியத் தகட்டுக்கு யாராவது கேட்டால் கீழ்க்காட்டை மட்டும் காட்டுங்கள்.

அவசரப் பணம் தேவைப்படும் குடும்பத்துக்கு இந்தப் பதில் செல்லாது. மகளுக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, தலைக்கு மேல் கடன் என்றால் விற்பதுதான் வழி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மாமா பொறுத்திருக்க முடிவதற்குக் காரணம் மாதம் பிறந்தால் திருப்பூரிலிருந்து மகன் அனுப்பும் சம்பளம். எந்த ஊர் இந்த மண்ணில் உப்பை இறக்கியதோ, அந்த ஊர்ச் சம்பளம்தான் இப்போது இந்த மண்ணை ஓய்வெடுக்க விடுகிறது. இதை மாமாவிடம் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குங்க மாப்ள, போத்து எப்ப நடறதுன்னு சொல்லுங்க" என்றார்.

கிளுவைக் கிளையை வெட்டிப் போத்தாக மழைக்கு முன் நட்டுவிட்டால் வேர் பிடித்துவிடும். தரகர் போன வாரம் மறுபடி போன் செய்து தொகையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னாராம். போத்து நட இரண்டு ஆள் பிடித்துத் தர முடியுமா என்று மாமா அவரிடமே கேட்டிருக்கிறார்.